பாட்டைக் கொஞ்சம் நிறுத்து மாப்ளே

வா மாப்ளே, வா. வாசல்ல நிக்கற நெலையிலயே தெரியுது, எஃப்.சி. ஊத்திக்கிச்சு. உக்காரு. அந்தக் கயித்துக் கட்டல்ல வேண்டாம், ஒரு கால் ஆடுது. ஆடற சாமான்ல உக்காந்து போறது உனக்குப் பழக்கந்தான். இருந்தாலும் இன்னைக்கு ஒரு நாளைக்குத் திண்ணையில உக்காரு.

அந்தச் செவலைக் குட்டியைப் புடிக்க ஓடாத, உடு. காத்தால இருந்து மூணு தடவை மொளக்குச்சியைப் புடுங்கிட்டுப் போயிருச்சு. வேலாங்குச்சி, மண்ணுல நிக்கவே மாட்டேங்குது. பசிச்சா தானா வரும். நீ உன்ற கதையைச் சொல்லு.

அட, அப்பிடியா சங்கதி! பிரேக் இன்ஸ்பெக்டருக்கு உன்ற மேல பொறாமையா? இருக்கும் இருக்கும். ஊரெல்லாம் மலையாட்டக் காரு வாங்கி நிறுத்தறாங்க. அதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போன மனுசன், கடைசியா உன்ற மாருதி எண்ணூறைக் கண்டதும் வயிறு பத்தி எரிஞ்சிருக்கும். பாவம், அவரும் ஆசாபாசம் உள்ள ஆளுதானே.

நீ ஒண்ணுங் கொறை வெக்கலயே, நானே பார்த்தேனே. ரெண்டு நாளா வாசல்ல தண்ணி ஊத்திக் கழுவினே. பம்பருக்குப் பெயிண்டு. சீட்டுக்குப் புதுத் துணி, அதுவும் உன்ற சொந்தத் தறியில ஓட்டினது. டயருக்குக் கறுப்பு மை. வீரகுமாரசாமி கோயில்ல தேங்காய் ஒடைச்சு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். சாமி அவரு வேலையைச் செஞ்சுட்டாரு மாப்ளே. இத்தனை நாளா அந்தச் சக்கரம் கழண்டு ஓடாம உன்ற கூடவே வந்துச்சே, அது யாரு பண்ணினதுன்னு நெனைக்கறே? அவருக்கும் ஒரு அளவு இருக்குதில்ல.

அப்பறம் என்ன ஆச்சு? வண்டியில ஏறினாரு. வேப்பமரத்துல இருந்து காம்பவுண்டுச் சுவரு வரைக்கும் ஓட்டினாரு. பிரேக்கை அமுத்தினாரு, ‘டக்’குன்னுச்சு. எறங்கினாரு. பானெட்டு மூலையில உள்ளங்கையை வெச்சு ஒரே அமுக்கு, கையை எடுத்துட்டாரு. உன்ற வண்டி நின்ன எடத்துல நின்னுக்கிட்டு மேலயுங் கீழயும், மேலயுங் கீழயும். பூம்பூம் மாட்டுக்காரன் உருமியைத் தேய்ச்சா மாடு தலையாட்டுமே, அதாட்ட. ‘ஷாக் அப்சர் போச்சா?’ ஆமாம். ‘புஷ் போச்சா?’ ஆமாம். ‘ஓட்டறவனுக்கு இது தெரியுமா?’ ஆமாம், ஆமாம். உன்ற வண்டியே உன்னையக் காட்டிக் குடுத்துருச்சு. நீ என்னடான்னா இன்ஸ்பெக்டரை வையறே.

தெரியாதுங் மாமான்னு சொல்லாத. உனக்குப் பன்னண்டு தறி ஓடுது. நடுச்சாமத்துல தூங்கிட்டிருக்கறப்ப ஏழாம் நம்பர் தறியில நாடா அடிக்கற சத்தம் ஒரு துளி மாறினாப் போதும், போர்வையை உதறிட்டு எந்திரிச்சு ஓடுவே. பன்னண்டு தறியும் ஒண்ணா ஓடற அந்த எரைச்சல்லயே பிக்கர் தேய்ஞ்ச தறி எதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவே. அப்பேர்ப்பட்ட காது, காருக்குள்ள உக்காந்ததும் எங்க போகுது? நான் சொல்லட்டுமா? மொதல்ல வேகத்தடையில ‘டக்’குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. நீ பாட்டை ரெண்டு புள்ளி ஏத்தி வெச்சே. ஒரு மாசங் கழிச்சு ‘டக் டக்’குன்னுச்சு, நாலு புள்ளி ஏத்தினே. அப்பறம் அந்தப் பொட்டியில இதுக்கு மேல ஏத்த எடமில்லைன்னு பெருசா ஒண்ணு வாங்கி மாட்டினே. போன மாசம் மூலனூர் நோம்பிக்கு என்னைய உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனயே, மூணு நாளைக்கு என்ற காதுல அந்தப் பாட்டுதான். இடுப்புல வேற ஒரு பாட்டு.

சஸ்பென்ஷன் வேலையைப் பாட்டுப் பொட்டியில செஞ்ச ஒரே ஆளு இந்த வெள்ளகோவில்ல நீதான் மாப்ளே. பேப்பர்ல போடலாம்.

செரி, மோரைக் குடி. இப்பக் கொஞ்சம் பழமை பேசுவோம்.

வண்டிக் கனத்தைத் தாங்கறது ஷாக் அப்சர்னுதானே நெனைச்சுக்கிட்டிருக்கறே? அது இல்ல. தாங்கறது ஸ்பிரிங். தூளியில கொழந்தையைப் போட்டு ஆட்டி உட்டா, அது பாட்டுக்கு ஆடிக்கிட்டே கெடக்குமில்ல? பக்கத்துல உக்காந்து கையை வெச்சு மெதுவா நிறுத்தற அம்மிச்சி இருக்கறாளே, அவதான் ஷாக் அப்சர். குழாய்க்குள்ள எண்ணெய் இருக்குது. தண்டு முனையில ஒரு பிஸ்டன், அதுல ஊசியாட்டத் தொளை. சக்கரம் குதிக்கறப்ப அந்த எண்ணெய் தொளைக்குள்ள நெருக்கியடிச்சுப் பூந்து போகோணும். அந்த அவதியில குதிக்கற வேகமெல்லாம் சூடாப் போயிருது. கரூர் வரைக்கும் போயிட்டு வந்து தொட்டுப் பாரு, வெதுவெதுன்னு இருக்கும். இருந்தா உசுரோட இருக்குதுன்னு அர்த்தம். உன்னுது சில்லுன்னு இருக்கும்.

சீலு தேய்ஞ்சு எண்ணெய் கசிஞ்சு வெளிய வந்துட்டா, அம்மிச்சி கண்ணசந்துட்டான்னு வெச்சுக்க. தூளி ஆடிக்கிட்டே கெடக்கும். ஆடற சக்கரம் பாதி நேரம் தரையில, பாதி நேரம் அந்தரத்துல. அந்தரத்துல நிக்கற சக்கரத்துக்குப் பிரேக்கு அடிச்சு என்ன பிரயோசனம்? பிரேக்குக்குப் பட்டை மாத்தினேன், எண்ணெய் மாத்தினேன், ஆனாலும் வண்டி நிக்க மாட்டேங்குதுன்னு பட்டறைக்காரர் மேல போன வருசம் எகிறிக் குதிச்சயே, நெனப்பிருக்குதா? குதிச்சது நீ மட்டுமில்ல.

என்ற அப்பாரு வெச்சிருந்த வில்வண்டிக்கு ஷாக் அப்சரும் இல்ல ஒண்ணும் இல்லைன்னு நீ சொல்லுவே. சொல்லு. நாலஞ்சு பட்டையை அடுக்கி வெச்சுக் கட்டின வில்லு அது. அமுங்கி எந்திரிக்கறப்ப பட்டைக்குப் பட்டை உரசும். அந்த உரசல்தான் அங்க அம்மிச்சி. லாரிக்காரங்களுக்கு இன்னைக்கும் அது தெரியும். அதுபோக, காங்கேயங் காளை ரெண்டு பூட்டினாலும் முத்தூருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பாதிப் பொழுது போயிரும். அந்த வேகத்துக்கு அந்த உரசல் போதும். நீ கோயமுத்தூர்த் தடத்துல எம்பது தொண்ணூறுன்னு போறயே, அதுக்குப் போதுமா? உன்ற வண்டி முன்னால இருக்கற ஏற்பாட்டை மெக்பர்சன்னு ஒரு அமெரிக்காக்காரர் ரோசிச்சு வெச்சாரு. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சரையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாக் கோத்து ஒரே தூணா நிறுத்தினது அவரு. 1950-ல் ஃபோர்டு கம்பெனி சீமையில கான்சல்ங்கற வண்டியில அதை வெச்சு வித்துச்சு. அந்தத் தூணு ஏறி எறங்கறது மட்டுமில்ல, நீ ஸ்டீயரிங்கைத் திருப்பறப்ப சேர்ந்து திரும்பறதும் அதுதான். மேல பானெட்டுக்குள்ள ரெண்டு பக்கமும் ஒரு வட்டத் தட்டு தெரியுமே, அதுக்கடியில ரப்பரும் பேரிங்கும் இருக்குது. உன்ற வண்டி நின்ன எடத்துல திருப்பினா ‘கர்ர்’ருன்னு ஆட்டுக்கெடா செருமறாப்பல ஒரு சத்தம் வருதில்ல? அது அங்கிருந்துதான் வருது. நீ அதுக்கு ஸ்டீயரிங்ல எண்ணெய் உட்டே.

அடுத்தது புஷ். லோயர் ஆர்ம்லயும் ஸ்டெபிலைசர் கம்பியிலயும் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல வெச்ச ரப்பர். ரப்பருக்கு வெயில் ஆகாது, எண்ணெய் ஆகாது, வயசு ஆகாது. நம்ம ஊருல மூணுக்கும் கொறச்சலா? வெள்ளகோவில் வெயிலு, எண்ணெய்ப் பிசுக்கு, அதுக்கு மேல பதினஞ்சு வருசம். ரப்பர் வெடிச்சுக் காஞ்சுபோன கொறங்காட்டு மண்ணாட்டப் பொளந்து கெடக்குது. பிரேக்கை அமுத்தறப்ப சக்கரம் பின்னால நகந்து இடிக்குது, உட்டா முன்னால வந்து இடிக்குது. அந்த ‘டக்’குதான் அவரு காதுல உளுந்தது. சுவரு வரைக்கும் ஓட்டினதுலயே கேட்டுருச்சு. பாட்டுப் போட்டிருந்தா அவருக்கும் கேட்டிருக்காது, உனக்குத்தான் சாமர்த்தியம் பத்தல.

பால் ஜாயிண்டைப் பத்திச் சொல்றப்ப மட்டும் நான் எகத்தாளம் பேசப் போறதில்ல. கிண்ணத்துக்குள்ள ஒரு இரும்புக் குண்டு, சுத்தியும் கிரீஸ், மேல ரப்பர்த் தொப்பி. தொப்பி கிழிஞ்சுட்டா இட்டேரிப் புழுதியெல்லாம் உள்ள போகும். கிரீசும் புழுதியுஞ் சேர்ந்தா என்ன? உங்கம்மா ஆட்டாங்கல்லுல உளுந்து ஆட்டறாப்பல குண்டையும் கிண்ணத்தையும் அது அரைச்சுக்கிட்டே இருக்கும். ஆட்டம் பெருசாகி ஒரு நாள் குண்டு கிண்ணத்தை உட்டு வெளிய வந்துரும். அப்பச் சக்கரம் எப்பிடிப் படுக்கும் தெரியுமா? மாடு முன்னங்காலை மடக்கிப் படுக்குமே, அப்பிடி. மாடு நின்னுட்டுத்தான் படுக்கும். வண்டி ஓடறப்பவே படுக்கும். பின்னால உக்காந்திருக்கறது என்ற தங்கச்சி.

இதை ஊட்டுலயே பார்த்திருக்கலாம். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிக்க. கடியாரத்துல பன்னண்டு, ஆறு இருக்கற எடத்துல ரெண்டு கையும் வெச்சு ஆட்டு. ஆடுச்சுன்னா பால் ஜாயிண்டு, இல்லாட்டிச் சக்கரத்துப் பேரிங். ஒன்பது, மூணுல வெச்சு ஆட்டு. ஆடுச்சுன்னா டை ராடு எண்டு. எட்டு வயசுப் பையனுக்குச் சொல்லிக் குடுத்தா அவன் பார்த்துருவான். உனக்கு நாப்பத்திரெண்டு, அதனால கொஞ்சம் சிரமந்தான்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குச் சின்ன வயசுல உன்னையத் தோள்ல தூக்கிட்டுப் போனேனே, நெனப்பிருக்குதா? சித்திரையில, மாரியம்மன் தேரு சமயத்துல. உனக்குப் பஞ்சு முட்டாய் நெனப்புதான் இருக்கும். அங்க மாடு விக்கறவன் என்ன பண்ணுவான்? குளுப்பாட்டுவான், கொம்பைச் சீவி எண்ணெய் பூசுவான், புதுக் கயிறு, கழுத்துல மணி. வாங்க வந்தவன் அந்த மணியையா பார்ப்பான்? பல்லைப் பார்ப்பான், சுழியைப் பார்ப்பான். அதெல்லாம் முடிஞ்சு ‘நடத்திக் காட்டப்பா’ம்பான். அங்கதான் இருக்குது சூட்சுமம். மாடு நடந்து போனதுக்கப்பறம் மாட்டைப் பார்க்க மாட்டான், மண்ணைப் பார்ப்பான். முன்னங்கால் பதிஞ்ச தடத்துல பின்னங்கால் உளுந்திருக்குதா, ஒரு பக்கக் குளம்பு ஆழமா, ஒரு பக்கம் மேலாப்பலயா. அதுக்கப்பறந்தான் துண்டைப் போட்டு விரலைப் புடிக்கறது.

நேத்து நீ நின்னது விக்கறவன் பக்கம். கொம்புக்கு எண்ணெய் பூசிக் கொண்டு போனே. அவரு வாங்க வந்தவராட்ட மண்ணைப் பார்த்தாரு. உன்ற முன் டயரைக் குனிஞ்சு பார்த்தயா? வெளிப்பக்கம் மையி பூசி மினுமினுன்னு இருக்குது. உள்பக்கம் தடவிப் பாரு, பாவு நூலு தெரியும். தறிக்காரன் வண்டின்னா டயர்லயும் நூலு தெரியோணும்னு நெனைச்சுட்டயாட்ட இருக்குது.

என்னது? சத்தமாச் சொல்லு. ‘ஒரு ஆளு இருக்கறாருங் மாமா, பணங் குடுத்தாப் பார்த்துக்குவாரு’ங்கறயா?

அருமையான ரோசனை! இவ்வளவு நேரம் ஏன் சொல்லல? இந்தக் கெழவன் பாட்டுக்கு வாயி வலிக்கப் பேசிக்கிட்டிருக்கறேன். உடனே போ. பணத்தைக் குடுத்துக் காகிதத்தை வாங்கு. வாங்கினதும் லேமினேசன் பண்ணிக் கண்ணாடியில ஒட்டீராத. நல்லாச் சுருட்டி, அந்த லோயர் ஆர்ம்ல ரப்பர் போன எடத்துல சொருகிக்க. கெட்டியா நிக்கும். கவருமெண்டு காகிதமில்ல?

சிரிக்கறே. நானும் ஒருக்காலத்துல சிரிச்சவன்தான். ஃபோர் நாட் செவன் வண்டி வெச்சு முருங்கைக்காய் லோடு அடிச்சுக்கிட்டிருந்தேன். எஃப்.சி.க்குப் போகோணும், நாலு டயரும் வழுக்கை. பங்காளி ஒருத்தன்கிட்டப் புது டயரு நாலு எரவல் வாங்கினேன். காத்தால மாட்டினேன், எஃப்.சி. ஆச்சு. பொழுதோட கழட்டிக் குடுத்துட்டுப் பழசை மாட்டிக்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி என்னையவிடக் கெட்டிக்காரன் இந்தக் கொங்கு நாட்டுலயே இல்லைன்னு படுத்துத் தூங்கினேன். எண்ணி ஒம்பதாம் நாள், மூலனூர்த் தடத்துல, முன் டயரு வெடிச்சு வண்டி பள்ளத்துல சாஞ்சுருச்சு. லோடு பூராவும் ரோட்டுல. எனக்கு முட்டிச் சிராய்ப்போட போச்சு. அன்னைக்கு அந்தப் பக்கம் அஞ்சு ஊருல முருங்கைக்காய்க் கொழம்பு. ஒரு அம்மா வந்து பைநெறையப் பொறுக்கிக்கிட்டு, ‘ஏனுங், மறுபடி எப்ப வருவீங்க’ன்னு கேட்டுப்போட்டுப் போனா. உங்க அத்தைக்கு இன்னைக்கு வரைக்கும் டயரு எரவல் சங்கதி தெரியாது. நீ வாயைத் தொறந்தயோ, அவ்வளவுதான்.

இனிமே அதுவும் நடக்காதுங்கறாங்க. ஆளுக்குப் பதிலா மிசினே பார்க்கற சோதனை நிலையத்துக்கு 2021-லயே மத்திய சர்க்காரு விதி போட்டாச்சு. வண்டியைக் கொண்டு போயி மிசின் மேல நிறுத்தினா, பிரேக்கு எவ்வளவு புடிக்குது, ஸ்டீயரிங் ஜாயிண்டுல எவ்வளவு ஆட்டம்னு கம்ப்யூட்டர் எழுதிரும். மிசினுக்கு டீ வாங்கிக் குடுக்க முடியாது மாப்ளே. மிசினுக்கு ஒறவும் கெடையாது, ‘நம்ம பையன்தானுங்’கன்னு சொல்றதுக்கு.

சீமையில இருக்கற உன்ற பெரியப்பன் பேரன், போன நோம்பிக்கு வந்தப்பச் சொன்னான். அங்க கார் வாங்கி மூணு வருசம் ஆயிட்டா, அப்பறம் வருசா வருசம் சோதனை. எம்.ஓ.டி.ன்னு பேராம். 1960-ல் ஆரம்பிச்சப்ப பத்து வருசம் தாண்டின வண்டியைத்தான் பார்த்தாங்க. பார்த்ததுல ஏகப்பட்டது தேறல. அடடான்னு மறு வருசமே ஏழு வருசம்னு கொறைச்சாங்க, 1967-ல் மூணு வருசம்னு ஆக்கிட்டாங்க. தேறின வண்டிக்குக்கூட ‘இது இப்பத் தாங்கும், ஆனா கண்ணு வெச்சுக்க’ன்னு சீட்டு எழுதித் தருவாங்களாம். நம்ம ஊருல மஞ்சப் போர்டு வண்டிக்கு எட்டு வருசம் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கொருக்கா, அப்பறம் வருசா வருசம். உன்னுது வெள்ளைப் போர்டு. 1988-ஆம் வருசத்துச் சட்டப்படி பதினஞ்சு வருசம் உன்னைய யாருங் கேட்கறதில்ல. அப்பறந்தான் ஆர்.சி.யைப் புதுப்பிக்கறப்ப ஒருக்காப் பார்க்கறாங்க. நாம அதையும் எஃப்.சி.ன்னே சொல்றோம். பதினஞ்சு வருசத்துல ஒருக்காப் பரீட்சை, அதுலயும் கேள்வி முன்னாலயே தெரியும், அதுலயுங் கோட்டை உட்டுட்டு வாத்தியாரு சரியில்லைங்கறே.

உன்ற வண்டியை நான் கொறைச்சுச் சொல்லல. அது மாவட்டத்தைவிட மூத்தது. திருப்பூர் மாவட்டம் பொறந்தது 2009 பிப்ரவரி 22. உன்ற வண்டி அதுக்கு முந்தின மாசமே ஈரோட்டு நம்பரோட வந்து எறங்கிருச்சு. இன்னைக்கும் நெத்தியில ஈரோடுன்னு எழுதிக்கிட்டுத் திருப்பூர் மாவட்டத்துல சுத்துது. 1983-ல் இந்திரா காந்தி கையால மொத வண்டிச் சாவி குடுத்தாங்களே, அந்த வம்சம். 2014-ல் கம்பெனி செய்யறதை நிறுத்திருச்சு. ஆனா நாடு பூரா வித்த வண்டி, சாமானுக்குப் பஞ்சமில்ல. பன்னண்டு இஞ்சுச் சக்கரம், அதான் சங்கடம். பெரிய வண்டி குழியைத் தாண்டிப் போகும், இது எறங்கி விசாரிச்சுட்டு ஏறும். நம்ம ரோட்டுல விசாரிக்கறதுக்கு நெறைய இருக்குது.

நாளைக்கு வெடியால பட்டறைக்குப் போ. போறப்பப் பாட்டைப் போடாத. போற தடத்துல என்ன என்ன சத்தம், எங்க எங்க வருதுன்னு கேட்டுக்கிட்டே போயி அவருகிட்ட அப்பிடியே சொல்லு. ‘பிரேக் புடிச்சா முன்னால இடதுபக்கம் டக்’குன்னு சொன்னாப் பாதி வேலை முடிஞ்சுது. ‘என்னமோ சத்தங் கேட்குதுங்’கன்னு சொன்னா, அவரு என்னமோ மாத்துவாரு.

ஷாக் அப்சரை ஒரு பக்கம் மட்டும் மாத்தச் சொல்லுவே, எனக்குத் தெரியும் உன்ற கை எவ்வளவு இறுக்கம்னு. ஏருல ஒரு பக்கம் கெழட்டு மாடும் ஒரு பக்கம் எளங்காளையும் பூட்டினா உழவு எந்தப் பக்கம் போகும்? முன்னால ரெண்டுன்னா ரெண்டு, பின்னால ரெண்டுன்னா ரெண்டு. ஸ்ட்ரட்டைக் கழட்டறப்ப ஸ்பிரிங்கை அமுக்கிப் புடிக்கற கிளாம்பு போட்டுத்தான் மேல நட்டைக் கழட்டோணும். சும்மா கழட்டினா அந்த ஸ்பிரிங் கூரையைப் பொளந்துட்டுப் போகும், நடுவுல தாடை இருந்தா அதையும். நீ பக்கத்துல குனிஞ்சு எட்டிப் பார்க்காத.

ஒரு சமாச்சாரம் சொல்றேன், பட்டறைக்காரங்களே சில பேரு கவனிக்க மாட்டாங்க. புஷ் மாத்தினதும் போல்ட்டை வண்டி ஜாக்கியில தொங்கறப்பவே முறுக்கி இறுக்கீருவாங்க. கால் தொங்கற நெலையில ரப்பரைப் புடிச்சுக் கட்டின கணக்கு அது. வண்டியைக் கீழ எறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே கெடக்கும். கழுத்தைத் திருப்பி வெச்சுத் தூங்கின ஆளு காத்தால எந்திரிக்கறாப்பல. ஆறு மாசத்துல கிழிஞ்சுரும். ‘புதுசு போட்டும் நிக்கல, எல்லாம் டூப்ளிகேட்’டுன்னு நீ கடைக்காரனை வைவே. போல்ட்டை லேசா மாட்டி, வண்டி நாலு கால்ல தரையில நின்னதுக்கப்பறம் கடைசி முறுக்கு. இதை மட்டும் பக்கத்துல நின்னு பாரு. மத்ததெல்லாம் அவரு பார்த்துக்குவாரு.

டூப்ளிகேட்டும் இருக்குதுதான். பெட்டியில கம்பெனி பேரு, வெலை, தேதி பார்த்து, பில்லோட வாங்கு. ஷாக் அப்சர் கேப்ரியல் கம்பெனி செய்யுது. பால் ஜாயிண்டு, டை ராடு எண்டெல்லாம் சென்னை ரானே கம்பெனி எத்தனையோ வருசமாச் செய்யுது. நம்ம நாட்டுச் சாமானே கெடைக்கறப்ப, ‘அதே மாதிரிதானுங், பாதி வெலை’ங்கறவன்கிட்டப் போகாத. உன்ற துண்டை ஒருத்தன் அதே மாதிரி நெய்து பாதி வெலைக்கு ஈரோட்டுச் சந்தையில வித்தப்ப நீ போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்குது.

எல்லாம் முடிஞ்சு அலைன்மெண்ட். அதை மறந்தா புது டயரும் நாலு மாசத்துல நூலு நூக்கும். அப்பறம் காகித வேலை. படிவம் 25. இந்தப் புதுப்பிக்கற கட்டணம் முந்தி 600 ரூவா. 2022 ஏப்ரல் 1-ல் இருந்து 5000. சாமானுக்கும் கூலிக்கும் எவ்வளவு ஆகும்னு கேட்கறயா? ஏறக்குறைய அந்தப் பாட்டுப் பொட்டி வாங்கின காசு. அதை வித்துக்கூட வேலையை முடிச்சரலாம். வேலை முடிஞ்சா பொட்டிக்கும் அவ்வளவு அவசியம் இருக்காது.

இன்னொண்ணு. கழட்டின பழைய சாமானை அங்கயே உட்டுட்டு வராத. டிக்கியில போட்டுக் கொண்டா. மாத்தினாங்களா, தொடைச்சு அதையே மாட்டினாங்களான்னு தெரியறதுக்கு அதுதான் சாட்சி. புஷ்ஷையெல்லாம் எடுத்து வெச்சு உன்ற பையனுக்குக் காட்டு. அந்த ஷாக் அப்சரை மட்டும் நீயா அறுத்துப் பார்க்காத, உள்ள கேஸ் அடைச்சிருப்பாங்க, பட்டறைக்காரரையே தொளை போட்டு எறக்கச் சொல்லு. எறக்கி, எண்ணெயை வடிச்சு, நடுவுல இருக்கற அந்தக் குரோம் தண்டை உருவி வாங்கிக்க. நல்ல எஃகு, துருவும் புடிக்காது, வளையவும் வளையாது.

எதுக்கா? அங்க பாரு, நாலாந் தடவை. மொளக்குச்சியையும் இழுத்துக்கிட்டே ஓடுது, புடி மாப்ளே, புடி.